பால் நிறுக்கிற எடத்துலேர்ந்து ஃப்ளோட் லைப்ரரி வரைக்கும்: சொந்த மொழிக்கு புள்ளிக் கணக்கு எழுதுறது எப்படி

எங்க பாட்டி மலேசியாவுல பாடாங் செராய் பக்கம் ஒரு தோட்டத்துல பால் மரம் (ரப்பர்) வெட்டுனவங்க. விடியறதுக்கு முன்னாடியே பெரட்டுக்கு (வேலக்கு முன்னாடி ஆள் எண்ணற எடம்) போயி, மங்கு மங்கா பால் சேத்து, ரெண்டு வாளியயும் காண்டா கம்புல மாட்டி தோள்ல தூக்கிட்டு ஸ்டோருக்கு வந்தா அங்க கிராணி, அதாவது தோட்டத்து கணக்குப்பிள்ளை, நிறுத்து புக்குல எழுதுவாரு. 12.7 கிலோ காட்டுனா 12ன்னு எழுதுவாரு, 9.9 காட்டுனா 9தான். புள்ளிக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தாலும் அது தோட்டத்துக்கு. "ஒரு நாளாச்சும் மேல போட்டு எழுதியிருப்பானா அந்த ஆளு"ன்னு பாட்டி கடைசி வரைக்கும் பொலம்பிக்கிட்டே இருந்தாங்க, நாங்கல்லாம் சிரிப்போம்.

அந்தப் பொலம்பல் எவ்ளோ நியாயம்னு ஒரு ஃப்ளோட்டிங் பாயிண்ட் லைப்ரரி (கம்ப்யூட்டர்ல புள்ளி வச்ச நம்பருக்கு கணக்குப் போடற கோடு) எழுத உக்காந்தப்பதான் எனக்கு புரிஞ்சிச்சு. ஒரு நாள் அரை கிலோ போறது பிரச்சனையே இல்ல, ஒரு நாள் இங்க ஒரு நாள் அங்கன்னு போனா சரியாயிடும். தெனமும் ஒரே பக்கமா போறதுதான் பிரச்சனை.

நான் பொழுதுபோக்கா சின்னதா ஒரு புரோகிராமிங் மொழி எழுதிட்டு இருக்கேன், பகல்ல கூலிம் ஹைடெக்ல வேல, ராத்திரி இது. முழு எண், ஸ்டிரிங், லூப் எல்லாம் ஒரு மாசத்துல வந்துருச்சு. புள்ளி வச்ச நம்பர் வந்தப்பதான் ஒரு வருசம் போச்சு. நான் பட்ட அவஸ்தைய வேற யாரும் படக்கூடாதுன்னு எந்த வரிசைல செஞ்சா சுலபம்னு இங்க எழுதுறேன். ஹார்டுவேர்தான் எல்லாம் செய்யுதே, எதுக்கு சொந்தமா எழுதணும்னு கேப்பீங்க. ஃப்ளோட் யூனிட் இல்லாத சின்ன சிப்புல ஓடணும்னா வேணும், எல்லா மெஷின்லயும் ஒரே விடை வரணும்னா வேணும், எழுத்த நம்பரா மாத்துறதுக்கும் நம்பர எழுத்தா மாத்துறதுக்கும் ஹார்டுவேர் ஒண்ணும் உதவாது, அத எப்படியும் நீங்கதான் எழுதணும்.

மொதல் வேல, புள்ளி நம்பர பிட்டுல எப்படி வைக்கிறதுன்னு சொந்தமா ஃபார்மட் கண்டுபிடிக்காதீங்க. நான் கண்டுபிடிச்சேன், ரெண்டு வாரம் வேஸ்டு. ஐட்ரிபிள்ஈ 754ன்னு 1985ல ஒரு ஸ்டாண்டர்டு வந்துச்சு, 2008லயும் 2019லயும் அத திருத்தியிருக்காங்க, இன்னைக்கு நீங்க கையில வச்சிருக்கிற ஃபோன்லேர்ந்து எல்லாமே அததான் பேசுது. அதுக்குப் பின்னாடி இருந்த முக்கியமான ஆளு வில்லியம் கஹான், கம்ப்யூட்டர் துறையோட பெரிய விருதான டூரிங் விருத 1989ல வாங்குனவரு. 1980ல வந்த இன்டெல் 8087 சிப்புல அவரோட யோசனைங்கதான் மொத மொத இறங்குச்சு. (இன்டெல் நம்ம பினாங்குக்கு வந்தது 1972ல, நம்ம ஊர்லேர்ந்து ஃபேக்டரி பஸ் ஏறிப் போன அக்காமாருங்க எத்தன பேரு. சிப்ப கையில தொட்டவங்க நம்மாளுங்க, உள்ள நடக்குற கணக்க எழுதுனவங்க வேற ஊர்க்காரங்க. சரி அத விடுங்க.)

டபுள்னு சொல்றது அந்த ஸ்டாண்டர்டுல ஒரு வகை நம்பர், 64 பிட். ஒரு பிட் குறிக்கு (பிளஸ்ஸா மைனஸா), 11 பிட் அடுக்குக்கு (எண்ண 2ன் எத்தனாவது அடுக்கால பெருக்கணும்னு), 52 பிட் எண்ணுக்கு. அடுக்க அப்படியே வைக்காம 1023 கூட்டி வைப்பாங்க, அதனால அடுக்குல மைனஸ் வராது. எண்ணுக்கு முன்னாடி கண்ணுக்குத் தெரியாம ஒரு 1 இருக்கு, அதனால உண்மையில 53 பிட். இந்த 53 மனசுல நிக்கட்டும், ஏன்னா 2⁵³ அதாவது 9007199254740992 வரைக்கும்தான் முழு எண் எல்லாம் ஒண்ணு விடாம உள்ள இருக்கும். அதுக்கு அடுத்த எண் டபுள்ல கிடையாது.

ரெண்டாவது, பிரிக்கிறது. 64 பிட்டயும் அப்படியே வச்சிக்கிட்டு கணக்குப் போட பாக்காதீங்க. உள்ள வந்த உடனே நாலா பிரிச்சு ஒரு ஸ்ட்ரக்ட்ல வைங்க: இது எந்த வகை (சாதா, சைபர், இன்ஃபினிட்டி, நேன்), குறி என்ன, அடுக்கு என்ன, எண் என்ன. நேன்னா நாட் எ நம்பர், 'நான்'னு எழுதுனா என்னயே சொல்ற மாதிரி ஆயிடுது, அதான் நேன். ரொம்ப சின்ன எண்ணுங்க, சப்நார்மல்னு சொல்றது, அதுல முன்னாடி அந்த மறைஞ்ச 1 இருக்காது. அதயும் பிரிக்கிறப்பவே இடது பக்கம் தள்ளி முன்னாடி 1 வர்ற மாதிரி சரி பண்ணி அடுக்க கொறச்சிருங்க, ஸ்ட்ரக்ட்ல அடுக்கு சாதா முழு எண்தானே, -1074 வரைக்கும் தாராளமா போகும். இப்படி செஞ்சிட்டா கூட்டல் பெருக்கல் எழுதுற எடத்துல சப்நார்மல் பத்தி ஒரு வரி கூட எழுத வேணாம். எல்லா தலவலியும் கடைசில ஒரே எடத்துல.

அந்த கடைசி எடம்தான் லைப்ரரியோட உயிரே. கணக்கு எப்படி வேணா போடுங்க, ஆனா விடைய திருப்பி 64 பிட்டா கட்டுற வேலய ஒரே ஒரு ஃபங்ஷன் மட்டும்தான் செய்யணும், கூட்டலும் பெருக்கலும் வகுத்தலும் வர்க்கமூலமும் ஸ்டிரிங்லேர்ந்து படிக்கிறதும் எல்லாம் அந்த ஒரு வாசல் வழியாதான் வெளிய போகணும், ரவுண்டிங் (எடத்துல அடங்காத விடைய பக்கத்துல அடங்கற எண்ணா மாத்துறது) அந்த வாசல்ல ஒரே ஒரு தடவதான் நடக்கணும். நான் மொதல்ல ஒவ்வொரு ஆபரேஷன்லயும் தனித்தனியா ரவுண்டிங் எழுதி வச்சிருந்தேன், அஞ்சு எடத்துல அஞ்சு விதமா தப்பு.

ஒரே தடவங்கறத ஏன் அழுத்தி சொல்றேன்னா, கடைல பில்லு கட்டுறத நெனச்சுப் பாருங்க. 2008 ஏப்ரல் 1லேர்ந்து நம்ம நாட்டுல 1 சென் காசு கிடையாது, பில்லு 5 சென்னுக்கு ரவுண்டு ஆகுது, கடைசி நம்பர் 1, 2 வந்தா 0, 3, 4 வந்தா 5, 6, 7 வந்தாலும் 5, 8, 9 வந்தா 10. கவனிங்க, ஒவ்வொரு சாமானுக்கும் ரவுண்டு பண்றதில்ல, 1.99 வெள்ளி (ரிங்கிட்) சாமான் 1.99தான், மொத்தத்துக்கு மட்டும்தான். அந்த விதிய எழுதுன ஆளுக்கு விசயம் தெரிஞ்சிருக்கு. இப்ப 12.47 வெள்ளிய நேரா 10 சென்னுக்கு ரவுண்டு பண்ணா 12.50. அதயே மொதல்ல 5 சென்னுக்கு பண்ணா 12.45, அப்புறம் 10 சென்னுக்கு பண்ணா சரி பாதில நிக்குது, எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம 12.40க்குப் போனாலும் போயிடும். நடுவுல ஒரு தடவ கூடுதலா ரவுண்டு பண்ணதுல 10 சென் காணோம்.

இது சும்மா கற்பனை இல்ல. பழைய இன்டெல் சிப்புல 80 பிட் ரெஜிஸ்டர், உள்ள 64 பிட் எண்ணா ரவுண்டு ஆகி, மெமரிக்குப் போறப்ப 53 பிட்டா இன்னொரு தடவ ரவுண்டு ஆகும். ஒரே புரோகிராம் கம்பைலர் மூடுக்குத் தகுந்த மாதிரி வேற வேற விடை குடுத்துச்சு. ஜாவா மொழிக்காரங்க இதுக்காகவே 1.2 வெர்ஷன்ல ஸ்ட்ரிக்ட்எஃப்பின்னு ஒரு சொல்லயே மொழிக்குள்ள கொண்டாந்தாங்க, 2021ல ஜாவா 17 வந்தப்பதான் அந்த சொல்லுக்கு வேலயே இல்லாம எல்லா கணக்கும் எப்பவும் ஸ்ட்ரிக்ட்டுதான்னு மாத்துனாங்க. நீங்க புது மொழி எழுதுறீங்க, மொத நாள்லேர்ந்தே ஸ்ட்ரிக்ட்டா இருங்க.

சரி, சரி பாதில நின்னா எந்தப் பக்கம்? 5 சென் கணக்குல ஒரு அழகு இருக்கு, அஞ்சு ஒத்தப்படை, அதனால 2.5 சென்னுன்னு ஒண்ணு வரவே வராது, கடைக்காரரும் நம்மளும் சண்ட போட வழியே இல்ல. பைனரில அப்படி இல்ல, சரி பாதி அடிக்கடி வரும். எப்பவும் மேல போட்டா ஒரு பக்கமா சாயும், எப்பவும் கீழ போட்டா கிராணி வேல. அதனால ஸ்டாண்டர்டு சொல்றது, கடைசி பிட் ரெட்டப்படையா வர்ற பக்கம் போ. ஒரு தடவ மேல ஒரு தடவ கீழன்னு சராசரியா ரெண்டு பக்கமும் சமமாயிடும். இதுதான் எல்லா மெஷின்லயும் டிஃபால்ட்.

கீழயே வெட்டிட்டு இருந்தா என்ன ஆகும்னு பாக்கணும்னா கனடாவுல வான்கூவர் பங்குச் சந்தை கதைய பாருங்க. 1982 ஜனவரில 1000ல ஆரம்பிச்ச இன்டெக்ஸ், ஒவ்வொரு தடவ கணக்குப் போடறப்பவும் மூணு புள்ளிக்கு மேல இருக்கறத வெட்டி எறிஞ்சுட்டாங்க, ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவ. 1983 நவம்பர்ல 524.811ல நின்னுச்சு. மறுபடி ஒழுங்கா கணக்குப் போட்டப்ப 1098.892. பாதிக்குப் பாதி காணாம போயிருக்கு, ஒரு ஆளும் திருடல. பாட்டி இருந்திருந்தா "நான் சொன்னேன்ல"ன்னுருப்பாங்க. என் மொழில சைபர் பக்கமா வெட்டுற ரவுண்டிங் மோடுக்கு 'கிராணி'ன்னே பேரு வச்சிருக்கேன். ஸ்டாண்டர்டுல அதுவும் ஒரு மோடு, மேல் பக்கம், கீழ் பக்கம்னு இன்னும் ரெண்டு இருக்கு, நாலயும் அந்த ஒரே ஃபங்ஷன்ல போடுங்க.

ஃபங்ஷன் எப்படின்னா, எண்ண 53 பிட்டுக்குக் கீழ இன்னும் 10 பிட் எடம் விட்டு வச்சிக்கிறேன், மொத்தம் 63, அப்ப கூட்டுறப்ப ஒரு பிட் வழிஞ்சாலும் 64க்குள்ள அடங்கும். டிஃபால்ட் மோடுக்கு மட்டும் இங்க போடுறேன்:

கட்டு(குறி, அடுக்கு, எண்):
 அடுக்கு -1022க்குக் கீழ போனா: எவ்ளோ கொறையுதோ அவ்ளோ பிட் எண்ண வலது பக்கம் தள்ளு, வெளிய விழுந்ததுல ஒரு 1 இருந்தாலும் கடைசி பிட்ட 1 ஆக்கு
 மிச்சம் = எண்ணோட கடைசி 10 பிட்
 எண்ண 10 பிட் வலது பக்கம் தள்ளு
 மிச்சம் 512க்கு மேல: எண்ணுல 1 கூட்டு
 மிச்சம் சரியா 512, எண் ஒத்தப்படை: எண்ணுல 1 கூட்டு
 எண் 2⁵³ ஆயிட்டா: பாதியாக்கு, அடுக்குல 1 கூட்டு
 அடுக்கு 1023க்கு மேல: இன்ஃபினிட்டி

மொத வரிய கடைசில போட்டீங்கன்னா சப்நார்மல்ல ரெண்டு தடவ ரவுண்டு ஆயிடும், அந்த 12.47 கதைதான். எனக்கு ஆச்சு, கண்டுபிடிக்க மூணு ராத்திரி.

அந்த "ஒரு 1 இருந்தாலும் கடைசி பிட்ட 1 ஆக்கு" இருக்கே, அதுக்கு ஸ்டிக்கி பிட்டுன்னு பேரு, ஈயத்துல ஒட்டுன மாதிரி ஒரு தடவ 1 ஆயிட்டா திரும்ப 0 ஆகாது. இது எதுக்குன்னு கைக்கணக்கா ஒண்ணு போட்டுப் பாப்போம், 53 பிட் வேணாம், 4 பிட் மெஷின்னு வச்சிக்குங்க. 13 பைனரில 1101. அதோட 1.625 கூட்டணும், அது பைனரில 1.101. சரியான விடை 14.625, அதாவது 1110.101. நாலு பிட்டுதான் எடம், பக்கத்துல இருக்கறது 14ம் 15ம், 14.625க்கு 15தான் கிட்ட. இப்ப நீங்க கஞ்சத்தனமா ஒரே ஒரு பிட் மட்டும் கூடுதலா வச்சிருந்தீங்கன்னா 1.101ல 1.1 மட்டும் மிஞ்சும், விடை 1110.1, பாக்கறதுக்கு சரி பாதி மாதிரி இருக்கும், ரெட்டப்படை பக்கம் போய் 14ன்னு சொல்லிடும். தப்பு. கீழ விழுந்த அந்த 01 முழுசா வேணாம், "கீழ என்னமோ இருந்துச்சு"ன்ற ஒரு சேதி மட்டும் போதும், அதான் ஸ்டிக்கி. பில்லியன் பிட் வெளிய விழுந்தாலும் அந்த ஒரு பிட்டுல சாரம் இருக்கு. எனக்கு இந்த முழு விசயத்துலயே ரொம்ப புடிச்சது இதுதான்.

இது கையில இருந்தா ஆபரேஷன் எல்லாம் சுலபம். கூட்டல்: சின்ன எண்ண வலது பக்கம் தள்ளி அடுக்க சமமாக்கு, விழுந்தது ஸ்டிக்கிக்குப் போகட்டும், கூட்டு, முன்னாடி 1 வர்ற மாதிரி சரி பண்ணு, கட்டு. கழிச்சு சைபர் வந்தா பிளஸ் சைபர், கீழ் பக்க மோடுல மட்டும் மைனஸ் சைபர். பெருக்கல்: 53ம் 53ம் பெருக்குனா 106 பிட் வரைக்கும் வரும், அத முழுசா 128 பிட்டுல வச்சுப் பெருக்கி, கீழ் பாதிய ஸ்டிக்கியாக்கி, கட்டு. வகுத்தல்: ஸ்கூல்ல போடற மாதிரி வகுத்துட்டே வந்து, மீதி சைபர் இல்லன்னா ஸ்டிக்கி 1, கட்டு. வர்க்கமூலமும் அதே மாதிரி மீதிய பாக்கணும். வகுத்தல்ல ஒரு வேடிக்க, விடை நார்மல் எல்லைக்குள்ள இருந்தா சரி பாதி வரவே வராது, நான் மொதல்ல நம்பாம டெஸ்ட் எழுதிப் பாத்தேன். எஃப்எம்ஏன்னு 2008ல சேத்தது, பெருக்கி கூட்டுறத நடுவுல ரவுண்டு பண்ணாம கடைசில ஒரே தடவ பண்றது, சாமான் எல்லாம் சேத்து பில்லு மொத்தத்துக்கு மட்டும் ரவுண்டு போடற மாதிரி. 106 பிட்டோட மூணாவது எண்ண கூட்டுறதால கூட்டலும் பெருக்கலும் சேந்த தலவலி, கடைசில எழுதுங்க.

இப்ப எல்லாரும் கிண்டல் பண்ற 0.1 + 0.2 = 0.30000000000000004 விசயத்துக்கு வருவோம். "கம்ப்யூட்டருக்கு கணக்கு தெரியல"ன்னு மாமாக் கடைல தே தாரிக் குடிச்சிட்டே பேசுவாங்கல்ல. உள்ள என்ன நடக்குதுன்னா, 0.1ன்னு நீங்க எழுதறப்பவே அது டபுள்ல துளி அளவு மேல போய் உக்காருது, 0.2ம் மேல. ரெண்டயும் சரியா கூட்டுனா வர்ற விடை ரெண்டு டபுளுக்கு நடுவுல அச்சு அசலா சரி பாதில நிக்குது, நம்பலன்னா பைனரில எழுதிப் பாருங்க. கீழ இருக்கிற டபுள்தான் நம்ம 0.3, ஆனா அதோட கடைசி பிட் ஒத்தப்படை. மேல இருக்கறது ரெட்டப்படை. விதிப்படி மேல போச்சு. கம்ப்யூட்டர் தப்பு பண்ணல, ரெண்டு பக்கமும் சமமா நடக்கணும்னு வச்ச விதி அன்னைக்கு மேல் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு, அவ்ளோதான். உங்க லைப்ரரி இந்த விடைய குடுக்கலன்னாதான் கவலப்படணும்.

விசேச எண்ணுங்க பத்தி வேகமா சொல்லிடறேன். 1ஐ சைபரால வகுத்தா இன்ஃபினிட்டி, மைனஸ் சைபரால வகுத்தா மைனஸ் இன்ஃபினிட்டி, சைபர சைபரால வகுத்தா நேன். நேன் எதோட ஒப்பிட்டாலும் பொய் (`!=` மட்டும் உண்மை), தன்னோடயே சமம் இல்ல. இதுல மொழி எழுதுறவங்களுக்கு ஒரு குழி இருக்கு: உங்க டிக்‌ஷனரில நேன சாவியா போட்டா திரும்ப எடுக்கவே முடியாது, நேன் உள்ள இருக்கிற லிஸ்ட்ட சார்ட் பண்ணா வரிசை குழம்பிடும். அதனால `==` ஸ்டாண்டர்டு சொல்ற மாதிரி இருக்கட்டும், ஆனா சார்ட்டுக்கும் டிக்‌ஷனரிக்கும் வேற ஒரு ஒப்பீடு, எல்லா எண்ணயும் வரிசையா நிறுத்தறது, 2008 ஸ்டாண்டர்டுலயே டோட்டல்ஆர்டர்னு இருக்கு, அத வைங்க. சப்நார்மல "யாரு யூஸ் பண்ணப் போறா"ன்னு சைபராக்கிடாதீங்க, அது இருக்கறதாலதான் ரெண்டு எண் வேற வேறன்னா கழிச்சா சைபர் வராதுன்னு நம்ப முடியுது. அப்புறம் ஃப்ளோட்ட முழு எண்ணா மாத்தறப்ப எடம் பத்தலன்னா என்ன செய்யறதுன்னு மொழில தெளிவா எழுதுங்க. சி மொழில அது அம்போ, என்ன வேணா ஆகலாம். ரஸ்ட் மொழி 2020லேர்ந்து எல்லைலயே நிறுத்திடுது. 1996ல ஏரியன் 5 ராக்கெட் வெடிச்சது 64 பிட் ஃப்ளோட்ட 16 பிட் முழு எண்ணுக்குள்ள திணிக்கப் போயிதான். நான் எர்ரர் குடுத்து நிறுத்திடறேன்.

அடுத்து படிக்கிறதும் எழுதறதும். கூட்டல் பெருக்கல விட இதுதான் கஷ்டம், ஆனா யாரும் முன்னாடியே சொல்ல மாட்டாங்க. "0.1"ன்னு எழுத்த பாத்து கிட்டக்க இருக்கிற டபுள எடுக்கணும். பத்தால திரும்பத் திரும்ப பெருக்குனா ஒவ்வொரு பெருக்கலுக்கும் ஒரு ரவுண்டிங், அவுட்டு. ஒரு குறுக்கு வழி இருக்கு: இலக்கங்கள சேத்த எண் 2⁵³க்குள்ள இருந்து, பத்தோட அடுக்கு 22க்குள்ள இருந்தா, ஒரே ஒரு பெருக்கல் இல்லாட்டி ஒரே ஒரு வகுத்தல், விடை கண்டிப்பா சரி, ஏன்னா 10²² வரைக்கும் டபுள்ல துல்லியமா அடங்கும், ஒரே ஒரு ரவுண்டிங்தான் நடக்குது. நம்ம எழுதற நம்பர் முக்காவாசி இதுலயே முடிஞ்சிடும். மிச்சத்துக்கு பெரிய முழு எண் லைப்ரரி வச்சு, மேல ஒரு பெரிய எண் கீழ ஒரு பெரிய எண்ணுன்னு பின்னமா எழுதி, வகுத்து, மீதிய ஸ்டிக்கியாக்கி, அதே கட்டு ஃபங்ஷனுக்கு அனுப்புங்க. மெதுவா ஓடும், பரவால்ல, தப்பா ஓடறத விட மேல். வேகமான வழி தேடறப்ப ஜாக்கிரதை: 2011 ஜனவரில பிஎச்பின்ற வெப் மொழில 2.2250738585072011 × 10⁻³⁰⁸ன்ற ஒரு நம்பர அனுப்புனா போதும், லூப்புல மாட்டி சர்வரே தொங்கிடும்னு கண்டுபிடிச்சாங்க, நார்மலுக்கும் சப்நார்மலுக்கும் நடு எல்லைல இருக்கிற நம்பர் அது.

இன்னொண்ணு, சி லைப்ரரில இருக்கிற ஃபங்ஷன கூப்பிட்டு படிக்காதீங்க. அது லொக்கேல, அதாவது மெஷின்ல இருக்கிற நாடு, மொழி செட்டிங்க பாக்கும். நமக்கு புள்ளி, பக்கத்துல இந்தோனேசியாவுல கமா. அந்த செட்டிங்ல இருக்கிற மெஷின்ல உங்க மொழி 3.5ஐ 3ன்னு படிச்சிட்டு புள்ளிகிட்ட நின்னுடும்.

நம்பர வெளிய எழுதறப்ப ரெண்டு ஆசை: திரும்பப் படிச்சா அதே டபுள் வரணும், எவ்ளோ சுருக்கமா முடியுமோ அவ்ளோ சுருக்கமா இருக்கணும். 17 இலக்கம் எழுதுனா கண்டிப்பா திரும்ப வரும், ஆனா 0.1ன்னு போட்ட எடத்துல 0.10000000000000001ன்னு காட்டுனா மனுசங்க பயந்துடுவாங்க. பைத்தான் கூட 3.1க்கு முன்னாடி வரைக்கும் இப்படித்தான் காட்டுச்சு. ஆரம்பத்துக்கு சுலபமான வழி, 1 இலக்கத்துலேர்ந்து 17 வரைக்கும் சரியா ரவுண்டு பண்ணி எழுதி எழுதி திரும்பப் படிச்சுப் பாருங்க, எது மொதல்ல அதே டபுளா திரும்புதோ அத அச்சடிங்க. 2ன் அடுக்குகள் சிலதுல மட்டும் ஒரு இலக்கம் கூடுதலா வரலாம், அது தப்பு இல்ல, நீளம்தான். அப்புறம் வேகம் வேணும்னா ஸ்டீலும் ஒயிட்டும் 1990ல எழுதுன வழிலேர்ந்து 2018ல உல்ஃப் ஆடம்ஸ் கொண்டாந்த ரியூ வரைக்கும் இருக்கு. நேரா ரியூவுல குதிக்காதீங்க, மெதுவான வழிய மொதல்ல எழுதி வச்சா பின்னாடி வேகமானத ஒத்துப் பாக்கலாம்.

சைன், காஸ், எக்ஸ்ப் எல்லாம் நீங்களா எழுத வேணாம்னுதான் சொல்லுவேன். கூட்டல்ல மாதிரி அதுல எத்தன பிட் கூடுதலா போட்டா சரியா ரவுண்டு ஆகும்னு முன்கூட்டியே தெரியாது, அதான் சிக்கலே. சும்மா டெய்லர் தொடர் போட்டு சின்ன கோணத்துக்கு சரியா வருதுன்னு சந்தோசப்படாதீங்க, 10²²க்கு சைன் கேட்டுப் பாருங்க, -0.8522ன்னு ஆரம்பிக்கணும், பையோட (π) நூத்துக்கணக்கான பிட்டுங்க கையில இல்லன்னா வராது.

கம்பைலர் பக்கம் ஒரே ஒரு கட்டளை: கணக்க மாத்தி எழுதாத. (0.1 + 0.2) + 0.3 குடுக்கறது 0.6000000000000001, 0.1 + (0.2 + 0.3) குடுக்கறது 0.6. அடைப்புக்குறிய நகத்துனா விடை மாறுது. புரோகிராமர் எழுதாத எடத்துல எஃப்எம்ஏவ நுழைக்கவும் கூடாது, ஒரே எண்ணோட வர்க்கத்துலேர்ந்து அதே வர்க்கத்த கழிச்சா கூட சைபர் வராம போகும்.

டெஸ்ட் பண்றதுக்கு ஒரு நல்ல வழி சொல்றேன், இத மட்டும் மொத நாள்லயே செய்ங்க. 11, 52ன்ற நம்பருங்கள கோடுல அடிச்சு எழுதாம பாராமீட்டரா வைங்க. அப்புறம் அதே கோட 8 பிட் ஃப்ளோட்டுக்கு ஓட்டுங்க, குறி 1, அடுக்கு 4, எண் 3. மொத்தமே 256 எண்ணுதான், எல்லா ஜோடியும் சேத்தா 65,536. ஒண்ணு விடாம பின்னக் கணக்குல போட்டு ஒத்துப் பாக்க கண் மூடித் தொறக்கற நேரம். சப்நார்மல், ஓவர்ஃப்ளோ, சரி பாதி எல்லாமே அதுக்குள்ள வந்துடும், பெரிய ஃபார்மட்ல ராண்டமா டெஸ்ட் பண்ணா அதெல்லாம் மாட்டவே மாட்டாது. இன்டெலோட பென்டியம் சிப்பு வகுத்தல் டேபிள்ல அஞ்சு எடம் காலியா விட்டுப் போனது அப்படித்தான் வெளிய போச்சு, 1994லதான் கண்டுபிடிச்சாங்க, 4195835ஐ 3145727ஆல வகுத்தா 1.3338ன்னு வர வேண்டியது 1.3337ன்னு வந்துச்சு, இன்டெலுக்கு 475 மில்லியன் டாலர் செலவு. அதுக்கப்புறம் 64 பிட்டுக்கு ஜான் ஹவுசரோட டெஸ்ட்ஃப்ளோட் இருக்கு, அதுல ஓட்டுங்க. என்னுது மொத தடவ எட்டு பிட்டுல முன்னூத்தி சொச்சம் தப்பு.

கடைசியா காசு. எங்க மாமா செம்பனை குலை வெட்ட ஆள் வச்சு காண்ட்ராக்ட் எடுக்கறவரு, அவருக்கு நான்தான் சம்பளக் கணக்கு புரோகிராம் எழுதிக் குடுத்தேன், டன் கணக்கு பெருக்கல் ரேட்டு, ஃப்ளோட்டுலதான். ஒரு மாசம் ஒரு தொழிலாளிக்கு 1.005 வெள்ளின்னு ஒரு அலவன்ஸ் வந்துச்சு, அத ரெண்டு புள்ளிக்கு ரவுண்டு பண்ணா 1.01 வரும்னு கையில போட்டு வச்சிருந்தாரு, மெஷின் 1.00ன்னுச்சு. 1.005 டபுள்ல 1.00499999999999989ன்னு உக்காந்திருக்கு, அதுக்கு மேல லைப்ரரிய கொற சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா அந்த அண்ணன் சிலிப்ப கையில வச்சிக்கிட்டு "என்னப்பா, கம்ப்யூட்டரும் கீழதான் வெட்டுமா"ன்னு கேட்டப்ப எனக்கு பாட்டி ஞாபகம்தான் வந்துச்சு. அன்னைக்கே என் மொழில 'வெள்ளி'ன்னு தனியா ஒரு டைப்பு சேத்தேன், உள்ள ஃப்ளோட்டே கிடையாது, சென்ல ஆயிரத்துல ஒரு பங்கு வரைக்கும் முழு எண்ணா வச்சிக்கும், ஃப்ளோட்டோட கூட்டப் பாத்தா கம்பைலரே எர்ரர் குடுக்கும், சிலிப்போட கடைசி வரில மட்டும் ஒரே ஒரு ரவுண்டிங். அடுத்த மாசத்துலேர்ந்து மாமாவோட கைக்கணக்கும் சிலிப்பும் ஒத்துப் போகுது, அவரு இன்னும் ரெண்டயும் ஒத்துப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடறாரு.